நான்காவது பெயர்

தினேஸ்வரியிடம் எதையும் மறைக்க முடியாது என்று அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் ஒரு பேச்சு உண்டு. யாருக்குப் புருஷனோடு சண்டை, யாருக்கு வீட்டில் ஆள் சரியில்லை, யார் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து பத்து மணிக்கு மயங்கி விழப்போகிறாள், எல்லாம் அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பேச்சு உண்மைதான். ஆனால் அவள் எதை மறைப்பாள் என்று மட்டும் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. யோசித்திருந்தால் புனிதாவுக்கு நல்லதாகப் போயிருக்கும்.

ஈப்போவிலிருந்து செமோருக்குப் போகும் வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்தத் தொழிற்பேட்டை. பதினேழு வயதில் அங்கே பஸ்ஸில் வந்து இறங்கியவள் தினேஸ்வரி. இப்போது நாற்பத்தேழு. லைன் லீடராகிப் பதினான்கு வருஷம் ஆகிறது. அவளுக்குக் கீழே நாற்பத்திரண்டு பேர், முக்கால்வாசி பெண்கள். பீங்கானில் செய்த கைகள் வரிசை வரிசையாக ரப்பர் பாலில் முங்கி, சூட்டு அடுப்புக்குள் போய், வெளியே வந்து ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றிலிருந்து கையுறையைப் பிடித்து இழுத்துக் கழற்ற வேண்டும். எட்டு மணி நேரம், சில நாள் பன்னிரண்டு மணி நேரம், நின்றபடி. அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு முகம் வெந்து போகும். தள்ளி, மின்விசிறிக்குக் கீழே, பெட்டியில் அடுக்கும் மேசை இருக்கிறது. அங்கே உட்காரலாம். யார் அடுப்புப் பக்கம், யார் மேசைப் பக்கம் என்று முடிவு செய்வது தினேஸ்வரி.

அதனால்தான் அந்த வழக்கம் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், கிளினிக்கில் போய்ப் பார்த்து உறுதியாகிவிட்டால், ஆபீஸுக்குப் போகமாட்டாள். கேன்டீனில் தினேஸ்வரிக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, எனக்கு மேட்டு நெர வேணாம்" என்பாள். அவ்வளவுதான். மறுநாள் அவள் மேசைப் பக்கம் இருப்பாள். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

மேட்டு நிரை என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. அது தினேஸ்வரியின் அம்மா ராக்காயி காலத்துப் பேச்சு. ராக்காயி பால் மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில், பிள்ளை உண்டான பெண் அதை வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் மண்டோரிடம், ஓர் ஆம்பளையிடம், எப்படிச் சொல்லுவாள்? மேட்டு நிரை வேண்டாம் என்பாள். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேற முடியாது என்று அர்த்தம். மண்டோர் புரிந்துகொண்டு சமதரையில் மரம் கொடுப்பார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. தோட்டம் போய், மரம் போய், அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பேச்சு மட்டும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆபீஸ்காரர்களுக்குக் கடிதம் வேண்டும். நம் ஆட்களுக்கோ ஒருத்தர் காதில் போட்டால் போதும், ஊருக்கே சொன்ன மாதிரி. இந்த ஒரு பழக்கத்தால் நம்மவர்கள் பட்டதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

2023ஆம் வருஷம் ஜனவரியில் புதுச் சட்டம் வந்தது. பிரசவ லீவு அறுபது நாளிலிருந்து தொண்ணூற்றெட்டு நாள். அப்பாமார்களுக்கும் ஏழு நாள். ஆபீஸ் வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுற்றி ஒரே கூட்டம்.

"ஏழு நாளா?" என்றார் ஸ்டோரில் வேலை செய்யும் பழனியப்பன். "எம் பொண்டாட்டி என்னய ரெண்டு நாளுக்கு மேல வீட்டுல வச்சிருக்கமாட்டா. மிச்ச அஞ்சு நாளு நான் எங்க போய்ப் படுக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். தினேஸ்வரி சிரிக்கவில்லை. அவள் அந்தத் தொண்ணூற்றெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் ஷர்மினி பிறந்தபோது அவளுக்குக் கிடைத்தது அறுபது நாள். அறுபத்தோராம் நாள் காலையில் வந்து அடுப்பு வாயில் நின்றாள். பத்து மணிக்கெல்லாம் பால் கட்டிக்கொண்டு வலி உயிர் போயிற்று. பதினொரு மணிக்கு யூனிபார்ம் நனைந்துவிட்டது. இரண்டு கையும் வேலையில் இருக்க, மார்பை மறைக்கக் கையில்லாமல் நின்றாள். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அந்த அவமானம் இருபத்தைந்து வருஷமாக அவளுக்கு ஆறவில்லை. இனி வருகிற பிள்ளைகளுக்கு இது இல்லை என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. அன்று லைனில் எல்லோருக்கும் அவளே கறிபப் வாங்கிக் கொடுத்தாள்.

சட்டம் ஏறிய அதே நேரத்தில் ஆர்டர் இறங்கிக்கொண்டிருந்தது. நோய்க் காலத்தில் உலகம் பூராவும் கையுறை கேட்டது. இரவு பகல் பாராமல் ஓடினார்கள். நோய் போனது, ஆர்டரும் போனது. ஆறு லைனில் இரண்டை நிறுத்தினார்கள். நின்றுபோன லைனில் பீங்கான் கைகள் தூசி படிந்து விரலை விரித்தபடி அப்படியே இருந்தன. அந்தப் பக்கமாகக் கழிப்பறைக்குப் போகவே பெண்கள் பயந்தார்கள். ஆள் குறைப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது.

ஏப்ரலில் புனிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வயது. கோப்பெங்கிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். கணவன் தனேஷ் லாரிப் பட்டறையில் வேலை. ஏற்கெனவே இரண்டு தடவை தங்கி, தங்கியது கலைந்துபோனது. இரண்டாவது கலைந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூடவே இருந்தவள் தினேஸ்வரிதான்.

"அக்கா, எனக்கு மேட்டு நெர வேணாம்."

தினேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன மாசம்மா?"

"ரெண்டு. வளகாப்பு வரைக்கும் வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு மாமி சொல்லிட்டாங்க. போன வாட்டி எல்லாருக்கும் சொல்லித்தான் அப்படி ஆச்சுன்னு அவுங்களுக்கு. ஆபீஸுக்கும் சூராட் கொடுக்கலக்கா. ஒங்களுக்கு மட்டுந்தான்."

"சூராட் எதுக்கு இப்ப? நான் பாத்துக்கறேன். நீ ஒழுங்கா சாப்புடு" என்றாள் தினேஸ்வரி. அந்தச் சூராட் கடிதத்தைக் கொடு, கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தை நகல் எடுத்துக் கொடு என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அவளுக்கும் அந்த மாமியார் சொன்னது சரியாகவே பட்டது.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஷர்மினி வீட்டுக்கு வந்தாள். அதே தொழிற்சாலையில் லேபில் வேலை, கையுறையில் தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்க்கும் வேலை. போன வருஷம்தான் பவித்ரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அடுப்படியில் நின்று அம்மாவின் காதில் சொன்னாள். தினேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. மீன் கருகுவதுகூடத் தெரியாமல் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாக, "யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள்.

ஜூன் மாதம் சுபேசன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

சுபேசன் ஆள் நிர்வாகம் பார்ப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய தாத்தா அந்தக் காலத்தில் ஏதோ தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம். ராக்காயி போன்றவர்கள் அப்படிப்பட்டவர்கள் முன்னால் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு நிற்பார்கள். ஆனால் இந்தப் பிள்ளை யாரையும் நிற்க வைக்காது. நல்ல மரியாதை. கோபமாக ஒரு வார்த்தை வந்ததில்லை.

"இருங்கக்கா. தே குடிக்கிறீங்களா?" என்று அவரே எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். கறுப்பு டைரியைத் திறந்து வைத்துக்கொண்டார். "புதுச் சட்டம் வந்திருக்கு இல்லையா? தொண்ணூத்தெட்டு நாள். மூணு மாசத்துக்கு மேல ஆள் இருக்கமாட்டாங்க. யார் யார் கர்ப்பமா இருக்காங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா நான் ப்ளான் பண்ணலாம். லேசான வேல கொடுக்கலாம். எங்ககிட்ட வந்து சொல்லமாட்டேங்கறாங்க. ஒங்ககிட்டதான் சொல்லுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

கடைசியில் சொன்னது அவளுக்கு இனித்தது. முப்பது வருஷ வேலையில் ஆபீஸ் அவளிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. தே நல்ல சூடாக இருந்தது.

"பேக்கிங்குல ரோஸ்னா" என்றாள். சுபேசன் எழுதினார். "அவ பக்கத்துல ஒக்கார்ற பாப்பா." எழுதினார். "அப்பறம்... புனிதா. அவ ரொம்பப் பாவங்க. ரெண்டு போயிருச்சு. அவளப் பாத்துப் போடுங்க."

"கண்டிப்பாக்கா. வேற யாரும்?"

வேறு யாரும்? நாக்கு நுனியில் ஷர்மினி இருந்தாள். லேசான வேலை என்றால் பெற்ற மகளுக்குத்தானே முதலில் கேட்பாள் ஒரு தாய்? தினேஸ்வரி பேனாவைப் பார்த்தாள். அது காகிதத்துக்கு மேலே, இன்னும் ஒரு பெயருக்காக நின்றது. தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவுதாங்க" என்றாள்.

வெளியே வந்தபோது அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்: கண் பட்டுவிடும், அதனால்தான் சொல்லவில்லை. அதையே அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காரணம் உண்மையாக இருந்தால் அதை இத்தனை தடவை சொல்லத் தேவையில்லை.

ஜூலை இரண்டாம் வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆபீஸ் பெண் ஒருத்தி உறைகளோடு லைனுக்கு வந்தாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஆர்டர் குறைந்ததால் ஆள் குறைப்பு என்று கடிதத்தில் இருந்தது. மொத்தம் பதினொரு பேர். ரோஸ்னாவைக் கூப்பிட்டபோது தினேஸ்வரிக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாப்பாவைக் கூப்பிட்டபோது கை நின்றது. அதற்குப் பிறகு அவள் புனிதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். புனிதா ஒன்றும் அறியாமல் பெட்டியில் கையுறை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான்கு பெயர் போயிற்று, ஐந்து போயிற்று. வரக்கூடாது, வரக்கூடாது என்று தினேஸ்வரி முருகனைக் கூப்பிட்டாள். ஒன்பதாவதாக வந்தது.

புனிதா உறையைப் பிரிக்காமல் நேராக அவளிடம் கொண்டுவந்தாள். "அக்கா, இது என்னாக்கா? நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்களே."

"நான் கேக்கறேம்மா. ஏதோ தப்பு நடந்துபோச்சு" என்றாள் தினேஸ்வரி.

அவள் கேட்கவும் போனாள். சுபேசன் வருத்தமாகத் தலையாட்டினார். மேலிடத்து முடிவு என்றார். மார்க்கு பார்த்து எடுத்தது என்றார். மேசைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கழற்றிய கணக்கு இல்லாததால் மார்க்கு குறைந்துவிட்டதாம். புனிதாவை மேசைக்கு மாற்றியதும் தினேஸ்வரிதான், பெயரைக் கொடுத்ததும் தினேஸ்வரிதான். லைனுக்குத் திரும்பி வந்தாள்.

ரோஸ்னாவும் பாப்பாவும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தனேஷ் விடவில்லை. அவன் வேலை செய்யும் பட்டறை முதலாளியின் மகள் சட்டம் படித்த பெண். கர்ப்பிணியை வேலையை விட்டு நிறுத்துவதே குற்றம், ஆள் குறைப்பு என்று சொல்லித் தப்ப முடியாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். புனிதாவை ஈப்போ லேபர் ஆபீஸுக்கு அழைத்துப் போனான். கம்பெனியோ, கர்ப்பம் என்றே எங்களுக்குத் தெரியாது, கடிதம் இல்லை, புத்தக நகல் இல்லை என்று பதில் எழுதியது. நீ யாரிடம் சொன்னாய் என்று லேபர் ஆபீஸ் புனிதாவைக் கேட்டது. செப்டம்பரில் விசாரணைக்கு வரச்சொல்லி தினேஸ்வரிக்கும் கடிதம் வந்தது.

புனிதா போன் செய்தாள். "நீங்க வந்து நடந்தத சொன்னா போதுங்கக்கா. வேல திரும்பக் கெடச்சா தொண்ணூத்தெட்டு நாளு புள்ளய வச்சுப் பாத்துக்குவேன். ஒங்கள நம்பித்தான் இருக்கேன்." அந்தக் குரலில் துளி சந்தேகம்கூட இல்லை. அதுதான் தினேஸ்வரியைக் கொன்றது.

கடிதம் வந்த மறுநாளே சுபேசன் கூப்பிட்டார். இந்தத் தடவையும் தே. மேசையில் ஒரு காகிதம், மலாயில் நான்கே வரி. தன்னிடம் எந்த ஊழியரும் கர்ப்பம் பற்றிச் சொல்லவில்லை, தானும் நிர்வாகத்திடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. கீழே அவள் பெயரும் அடையாள அட்டையின் ஐ.சி. நம்பரும்.

"கட்டாயம் இல்லக்கா. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா படிச்சுப் பாருங்க" என்றார். பிறகு காகிதத்தை உறையில் போட்டுக்கொண்டே, "ஷர்மினி லேப்லதானே இருக்காங்க? நல்ல வேலக்காரி. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆச்சு இல்லையா?" என்றார்.

"ஆச்சுங்க."

"சந்தோஷம்" என்றார் சுபேசன். சிரித்த முகமாகவே கதவு வரை வந்து அனுப்பி வைத்தார்.

வீட்டில் அந்த உறை சாமி மேடைக்குக் கீழே நான்கு நாள் கிடந்தது. தினேஸ்வரியின் கணவர் மகேந்திரன் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர், தெலுக் இந்தானுக்கும் இங்கேயுமாக அலைகிறவர், அதிகம் பேசமாட்டார். மனைவி சொன்னது எல்லாவற்றையும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கை கழுவிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூணு பேரு பேரு கொடுத்தியே, நம்ம புள்ள பேர ஏன் கொடுக்கல?"

"கண்ணு பட்டுரும்னு."

"புனிதாவுக்கு ரெண்டு போயிருக்கே. அவளுக்குக் கண்ணு படாதா?"

அவருக்குக் குத்திக்காட்டும் வழக்கம் கிடையாது. தெரியாமல்தான் கேட்டார். தினேஸ்வரி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெயர் கேட்கிற ஆபீஸ் எதற்குக் கேட்கும் என்பது முப்பது வருஷம் அங்கே நின்ற உடம்புக்குத் தெரியாதா? வாய் மூன்று பேரைக் கொடுத்தபோதே வயிறு நான்காவதைப் பிடித்து நிறுத்திவிட்டதே. தட்டுக் கழுவும் இடத்தில் அவளுக்கு அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

உறையைப் பற்றிக் கேட்டதும் ஷர்மினி அழுதாள். ஐந்து மாசம் ஆகப்போகிறது, லேப் கோட்டை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி மறைத்துக்கொண்டிருந்தாள். "கையெழுத்துப் போட்டுருங்கம்மா. அவருக்கு வேல நெரந்தரம் இல்ல. என் வேலயும் போச்சுன்னா நாங்க என்னா பண்றது? புனிதா அக்கா வேற எடம் பாத்துக்குவாங்க."

"நீயும் ஆபீஸுல சொல்லி சூராட் கொடுத்துரு. சட்டம் இருக்குல்ல" என்றாள் தினேஸ்வரி.

"சட்டம் இருந்துதான புனிதா அக்காவ அனுப்புனாங்க?" என்றாள் மகள்.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால் புனிதாவுக்கு வளைகாப்பு. தனேஷ் நேரில் வந்து அழைத்துவிட்டுப் போனான். முதல் வளையல் நீங்கதான் போடணும்னு புனிதா சொன்னாள் என்றான். தினேஸ்வரி புடவை கட்டி, பூ வைத்து, தட்டில் வளையலும் பழமும் எடுத்து வைத்துவிட்டு, போகாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தலைவலி என்று சொல்லி அனுப்பினாள்.

லேபர் ஆபீஸ் அறை சிறியது, ஏசி குளிர். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, ஐம்பது வயது மலாய்க்காரப் பெண்மணி. எல்லோரும் அவரை மரியாதையாகப் புவான் என்றார்கள். இந்தப் பக்கம் சுபேசன், கறுப்பு டைரியோடு. சுவரோரம் தனேஷும் புனிதாவும். புனிதா அசையும்போதெல்லாம் இரண்டு கை நிறைய இருந்த கண்ணாடி வளையல் சத்தம் போட்டது. தினேஸ்வரியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தினேஸ்வரியின் கைப்பையில் சுபேசன் கொடுத்த உறை இருந்தது. கையெழுத்துப் போட்டிருக்கவில்லை, கிழித்துப் போடவும் இல்லை.

புவான் மலாயில் ஆரம்பித்தார். "சட்டம் மாறிவிட்டது. கர்ப்பம் காரணம் இல்லை என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்."

"தெரியாத ஒன்று எப்படி புவான் காரணமாகும்?" என்று சுபேசன் பணிவாகக் கேட்டார்.

புவான் தினேஸ்வரியிடம் திரும்பினார். "புனிதா உங்களிடம் சொன்னாரா?"

"சொன்னா."

"நீங்கள் இவரிடம் சொன்னீர்களா?"

சுபேசன் அவளைப் பார்த்தார். பயமுறுத்தும் பார்வை இல்லை. வயதான உறவுக்காரியைப் பார்ப்பது போல, கொஞ்சம் கவலையாக.

"சொன்னேன்" என்றாள் தினேஸ்வரி.

சுபேசன் பெருமூச்சு விட்டார். "அக்கா மூன்று பெயர் சொன்னது உண்மைதான் புவான். இடுப்பு வலி, கால் வலி, லேசான வேலை வேண்டும் என்று சொன்னார். எல்லாப் பிரிவிலும் அப்படிக் கேட்டு வைத்துக்கொள்வோம். கர்ப்பம் என்ற பேச்சே வரவில்லை. வேலை போன பிள்ளைக்காக மனசு கேட்காமல் இப்படிச் சொல்கிறார். அவரைத் தப்பு சொல்லமாட்டேன்."

"கேட்கும்போது வேறு யாராவது கூட இருந்தார்களா?"

"இல்ல புவான்" என்றாள் தினேஸ்வரி.

புவான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒருவர் சொல்லுக்கு எதிரே இன்னொருவர் சொல். இப்படி எத்தனை பார்த்திருப்பார். ஃபைலை மூடப்போகிற மாதிரி அதன் மேல் கை வைத்தார். புனிதாவின் வளையல் லேசாகக் குலுங்கிற்று. தினேஸ்வரிக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை.

"புவான், நான் கொடுத்தது மூணு பேரு. இருந்தது நாலு பேரு."

புவானின் கை நின்றது. "நான்காவது யார்?"

"எம் மக. ஷர்மினி. லேப்ல வேல செய்யறா. இப்ப அஞ்சு மாசம்."

"அவர் பெயரை ஏன் கொடுக்கவில்லை?"

கண் பட்டுவிடும் என்ற பதில் தயாராக இருந்தது. மூன்று மாதம் மனசுக்குள் உருப்போட்ட பதில். வாயைத் திறந்தாள். அது வரவில்லை.

"பயமா இருந்துச்சு."

"இடுப்பு வலி, கால் வலிக்குப் பெயர் கொடுக்க என்ன பயம்?"

"அவரு கேட்டது கர்ப்பமா இருக்கறவங்க பேரு. கொடுத்தா வேல போயிரும்னு பயம்."

புவான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தார், படித்துக் காட்டினார். தினேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். பிறகு புவான் சுபேசனிடம், "ஷர்மினியின் கர்ப்பம் இன்றைய தேதியில் கம்பெனிக்குத் தெரிவிக்கப்பட்டது என்றும் எழுதிக்கொள்கிறேன். இனித் தெரியாது என்று சொல்ல முடியாது" என்றார்.

"நல்லது புவான்" என்றார் சுபேசன். டைரியைத் திறந்து, அழகான கையெழுத்தில் ஷர்மினி என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டார்.

வெளியே நடைக்கூடத்தில் தனேஷ் தினேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "ரொம்ப நன்றிக்கா. கேஸ் நிக்கும்னு அந்த அம்மா மொகமே சொல்லுது." புனிதா பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தினேஸ்வரி அவளிடம் போனாள்.

"எம் பேரக் கொடுக்கறப்பவே வேல போயிரும்னு ஒங்களுக்குத் தெரியும். இல்லயாக்கா?" என்றாள் புனிதா, தலை நிமிராமல்.

"புனிதா..."

"புவான்கிட்ட சொன்னீங்க. எங்கிட்டயும் சொல்லுங்க."

"தெரியும்" என்றாள் தினேஸ்வரி.

புனிதா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அது ஒங்க புள்ள. எனக்குப் புரியுது. எம் வயித்துல இருக்கறதும் புள்ளதாங்கக்கா." தனேஷின் தோளில் கை வைத்துக்கொண்டு மெல்லப் படியிறங்கிப் போனாள். வளையல் சத்தம் கீழ் மாடி வரைக்கும் கேட்டது.

தினேஸ்வரி அதே இடத்தில் நின்றாள். லிப்ட் திறந்தது. சுபேசன் உள்ளே போய், கதவு மூடிவிடாமல் அவளுக்காக ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை, எப்போதும் போல மரியாதைதான்.

"வாங்கக்கா, கீழ போலாம்" என்றார். "ஷர்மினிய நாளைக்கு ஒரு தடவ என் ரூமுக்கு வரச்சொல்லுங்க."